பெர்கோலாவா, கெசிபோவா, பந்தலா? அண்ணாந்து பார்த்து வாங்குங்கள்

தோட்டத்துக்கோ மாடிக்கோ ஒரு நிழல் கூரை வேண்டுமென்று ஆன்லைனில் ‘பெர்கோலா’ எனத் தேடினால் துணிக்கூரை போட்ட மடக்குக் கூடாரம்தான் முதலில் வந்து நிற்கிறது. ‘கெசிபோ’ என்று தேடினாலும் அதேதான். முல்லைக்கொடி ஏற்றும் இரும்பு வளைவை ஒரு கடை ‘ஆர்ச்’ என்கிறது, இன்னொரு கடை ‘ஆர்பர்’ என்கிறது, மூன்றாவது கடை ‘மினி பெர்கோலா’ ஆக்கிவிடுகிறது. வெல்டிங் பட்டறையில் கேட்டால் எல்லாமே ‘கேனோபி’. பெயரைச் சொல்லி ஆர்டர் கொடுத்தால் எது வந்து இறங்கும் என்று சொல்ல முடியாது.

பிரித்தறிய எளிய வழி, அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பது. சட்டங்களுக்கு நடுவே வானம் கோடுகோடாகத் தெரிந்தால் பெர்கோலா. வானமே தெரியாமல், சரிவுகள் எல்லாம் உச்சியில் ஒன்றுகூடி, பக்கங்கள் திறந்திருந்தால் கெசிபோ. ஆறு அல்லது எட்டு மூலை அதன் பழைய வடிவம், இப்போது நான்கு மூலையிலும் வருகிறது. அதே மூடிய கூரை நீள்சதுரமாக இரண்டு பக்கம் சரிந்தால் பவிலியன். ஆர்பர் என்பது வாசலிலோ நடைபாதையிலோ நிற்கும் ஒடுங்கிய வளைவு. ஆழம் இரண்டு மூன்று அடிக்கு மேல் போகாது, சிலவற்றில் உட்காரப் பலகை இருக்கும். டிரெல்லிஸுக்குக் கூரையே கிடையாது, சுவர் மாதிரி நிற்கும் வெறும் சட்டம். நம் பந்தலில் கம்பியைத் தவிர மேலே ஒன்றுமில்லை. கொடி படர்ந்தால்தான் கூரை.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாததற்குக் காரணம் காற்று. கட்டடங்களுக்கான காற்றழுத்தக் கணக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரநிலையின் மூன்றாம் பகுதியில் இருக்கிறது. அதில் அடிப்படைக் காற்று வேகம் சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர், கோவைக்கும் மதுரைக்கும் 39 மீட்டர். வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, 0.6 ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் மேல் விழும் அழுத்தம் நியூட்டனில் கிடைக்கும். சென்னைக்கு 1500, அதாவது ஏறக்குறைய 150 கிலோ எடை. பத்துக்குப் பத்து அடிக் கூரை 9.3 சதுர மீட்டர். ஆக, மூடிய கூரையை 1400 கிலோ விசை அழுத்தவோ தூக்கவோ பார்க்கும். கூரையின் சரிவும் சுற்றியுள்ள கட்டடங்களும் இந்தக் கணக்கைக் கூட்டும், குறைக்கும். துல்லியமான எண் அல்ல, விசை ஏறத்தாழ எவ்வளவு பெரியது என்பதுதான் பார்க்க வேண்டியது. திறந்த பெர்கோலாவில் காற்று சட்டங்களை மட்டும் தட்டிவிட்டு ஊடே போய்விடும்.

இந்தக் கணக்கோடு மடக்கு கெசிபோவைப் பாருங்கள். பத்துக்குப் பத்து அளவில் அதன் எடை பெரும்பாலும் 15 முதல் 25 கிலோ. பிறந்தநாள் விருந்து, தெருமுனை ஸ்டால் என்றால் தாராளமாக வாங்கலாம்; மாலையில் மடக்கி உள்ளே வைத்துவிட வேண்டும். தோட்டத்தில் நிரந்தரமாக நிறுத்த இது உதவாது. முதலில் போவது கத்தரிக்கோல் மடிப்பின் பிளாஸ்டிக் மூட்டு, வெயிலில் மொரமொரத்து உடையும். அடுத்து துணி. நடுவில் தொய்ந்த இடத்தில் மழைநீர் குளம் கட்டும். ஒரு சதுர மீட்டரில் சராசரி ஐந்து சென்டிமீட்டர் நின்றால் 50 கிலோ. மெல்லிய குறுக்குக் கம்பி வளைய அது போதும்.

பாகங்களாக வந்து நாமே மாட்டிக்கொள்ளும் ஆர்பர் வளைவு கிட்டுக்கு வருவோம். பெட்டியில் வரும் குழாயின் சுவர் அரை மில்லிமீட்டரை ஒட்டியிருக்கும். சங்குப்பூவுக்கும் முல்லைக்கும் சரி. ரங்கூன் மல்லியையும் காகிதப்பூவையும் ஏற்றினால் மூன்றாம் வருடம் கொடிதான் வளைவைத் தாங்கிக்கொண்டு நிற்கும். துரு தொடங்கும் இடம் எப்போதும் ஒன்றுதான்: ஒரு குழாய் இன்னொன்றுக்குள் நுழையும் மூட்டு. வெளியே பவுடர் கோட்டிங் பளபளக்கும், உள்ளே பெயின்ட் எட்டியே இருக்காது. மாட்டும் முன் மூட்டின் உள்ளேயும் செருகும் முனையிலும் துருத்தடுப்பு பிரைமர் தடவி, காய்ந்ததும் சொருகுங்கள். கால்களை மண்ணில் நேரடியாகக் குத்தக் கூடாது. முக்கால் இஞ்ச் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயை இரண்டடி நீளம் வெட்டி, பாதிக்கு மேல் மண்ணில் அடித்து, அதற்குள் வளைவின் காலை இறக்கலாம். கால் 16 மில்லி தடிமன் என்றால் அதில் தாராளமாகப் போகும். அரை இஞ்ச் குழாயில் முட்டிக்கொள்ளும்.

பட்டறையில் செய்யும் இரும்பு பெர்கோலா பார்க்க அழகு, அதில் சந்தேகமில்லை. நிழலுக்கென்று வாங்குபவர்கள்தான் ஏமாறுகிறார்கள். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல். நாலுக்கு ரெண்டு இஞ்ச் சதுரக் குழாயை, நாலு இஞ்ச் பக்கம் செங்குத்தாக இருக்கும்படி நிறுத்திவைத்து, நாலு இஞ்ச் இடைவெளி விட்டால் நடுப்பகலில் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு நிழல்தான். காலை மாலை வெயிலுக்கு அதே சட்டம் நன்றாக வேலை செய்யும், வடக்கு தெற்காக ஓடினால். நாலு இஞ்ச் ஆழம், நாலு இஞ்ச் இடைவெளி என்றால் கிழக்கிலோ மேற்கிலோ 45 டிகிரிக்குக் கீழே இறங்கிய வெயில் உள்ளே வராது. கிழக்கு மேற்காகப் போட்டுவிட்டால் அந்த ஆழம் வீண். பத்துக்குப் பத்துக்கு இப்படி இருபது குழாய் பிடிக்கும். 2 மில்லி சுவர் என்றால் கூரைச் சட்டம் மட்டுமே 270 கிலோவை நெருங்கும். மாடியில் வைக்கிறவர்கள் இதை மனதில் கொள்ள வேண்டும்.

வேலை முடிந்ததும் ஏணி போட்டு ஏறிக் குழாய் முனைகளைப் பாருங்கள். திறந்திருந்தால் மழைநீர் உள்ளே போய் அடியிலிருந்து அரிக்கும். பிளாஸ்டிக் மூடி சீக்கிரம் கழன்றுவிடும், தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். ஜி.ஐ. குழாயில் வெல்டிங் பட்ட இடமெல்லாம் துத்தநாகம் எரிந்து போயிருக்கும். அங்கே ஜிங்க் பிரைமர் அடிக்காமல் மேலே வெள்ளி பெயின்ட் பூசி மறைப்பது வழக்கமான கைவரிசை. மரத்தில் செய்தால் தூணின் அடி மண்ணையோ கான்கிரீட்டையோ தொடக் கூடாது, இரும்பு ஷூ மேல் ஓர் இஞ்சாவது தூக்கி நிற்க வேண்டும். உள்ளே வெற்றாக உள்ள டபிள்யூ.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது) சட்டம் தன் எடைக்கே தொய்யும். இரும்புக்கு மேல் போர்த்த மட்டும் சரி.

பெரிய தவறு இனிமேல்தான். நிழல் போதவில்லை என்று ஆறு மாதம் கழித்து பெர்கோலா மேல் பாலிகார்பனேட் ஷீட் போடுவார்கள். அன்றிலிருந்து அது பெர்கோலா அல்ல, பவிலியன். ஆனால் காலும் போல்ட்டும் பழையவை. ஷீட் போடும் எண்ணம் இருந்தால் அஸ்திவாரம் போடும் முன்பே சொல்லிவிடுங்கள். சரிவு அடிக்கு ஓர் இஞ்ச் வேண்டும். ஷீட்டில் ஒரு பக்கம்தான் யூ.வி. பூச்சு இருக்கும், எழுத்து அச்சிட்ட பாதுகாப்புத் தாள் ஒட்டிய அந்தப் பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் மஞ்சளாகிவிடும். இரட்டைச் சுவர் ஷீட் என்றால் உள்ளறைகள் சரிவோடு இறங்க வேண்டும்; மேல் முனையில் அலுமினிய டேப், கீழ் முனையில் காற்று போகும் டேப். இல்லாவிட்டால் உள்ளே பாசி பிடித்து, துடைக்கவும் வழியிருக்காது. மூன்று மீட்டர் ஷீட் 40 டிகிரி வெப்ப மாற்றத்தில் எட்டு மில்லி நீளும். அதனால் ஸ்க்ரூவை விடத் துளை பெரிதாக இருக்க வேண்டும்.

மாடியில் எதை நிறுத்தினாலும் தட்டோட்டைத் துளைத்து போல்ட் அடிக்க விடாதீர்கள், அடுத்த மழைக்கு ஒழுகும். ஒன்றரை அடிக் கனச்சதுரக் கான்கிரீட் கட்டை சுமார் 230 கிலோ. நான்கு கட்டைக்கு 920. திறந்த பெர்கோலாவுக்கும் பந்தலுக்கும் இது போதும். மூடிய கூரைக்கான 1400 கிலோவோடு ஒப்பிட்டால் போதாது. கட்டைகளைக் கட்டடத்தின் தூண்களுக்கு நேர் மேலே வையுங்கள், ஸ்லாபின் நடுவில் வேண்டாம்.

காய்கறிக்கும் நிழலுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று என்றால் பந்தலுக்குத்தான் எங்கள் ஓட்டு. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சையைத் தாங்குவதும் கல்தூணும் கம்பியும்தான். வீட்டுக்கு, நீலப்பட்டை போட்ட (நடுத்தர கனம்) ஒன்றரை இஞ்ச் ஜி.ஐ. குழாய் நான்கு கால், உயரம் ஆறரை அடி. அதற்கு மேல் போனால் பீர்க்கங்காய் பறிக்க ஸ்டூல் தேட வேண்டும். கம்பியை முறுக்கியதும் கால்கள் உள்பக்கம் சாயும். தரையில் வெளிப்பக்கம் இழுவைக் கம்பி கட்டலாம், மாடியில் அது முடியாது, மேலேயும் நான்கு பக்கம் குழாய் ஓட்டுங்கள். ஓரத்துக்குத் தடித்த 10 கேஜ், குறுக்கே மெல்லிய 14 கேஜ் கம்பி.

தைப்பட்டத்தில் விதைத்த புடலை, கத்திரி வெயிலுக்குக் கூரையாகிவிடும். பிஞ்சின் நுனியில் சிறு கல் கட்டினால் சுருளாமல் நேராக இறங்கும். ஆடிப்பட்டத்துக் கொடியைப் புயல் அறிவிப்பு வந்ததும் அறுத்துவிட்டால் பந்தல் மறுபடி வெறும் கம்பி. இடையில் நைலான் வலை கட்டாதீர்கள். காய்ந்த பற்றுக்கம்பிகளை அதிலிருந்து பிரிக்க முடியாமல் வலையையே தூக்கிப் போட வேண்டியிருக்கும். தேங்காய் நார்க் கயிறு கட்டினால் கொடியோடு சேர்த்து அறுத்து எருக்குழியில் போடலாம்.