மூலைக்கடைக்காரனின் கண்ணில் ஆல்பர்ட் ஸ்கொயர்

ஈஸ்ட் ஹாமில் 22 வருடம் மூலைக்கடை வைத்திருந்தவன் நான். பேப்பர், பால், பாண், சிகரெட், லொத்தர். கல்லாவுக்குப் பின்னால் ஒரு சின்ன டிவி. இரவில் அதில் ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ போகும்: பிபிசியின் சோப் நாடகம், அதாவது முடிவில்லாமல் வருடக்கணக்கில் ஓடும் தொடர். கதைக்காகப் பார்க்கத் தொடங்கவில்லை. 1991இல் லண்டன் வந்தபோது என்னிடம் இருந்தது பள்ளிக்கூட ஆங்கிலம். வெளியே சனம் பேசியது வேறொரு ஆங்கிலம். ரிமோட்டில் 888 அழுத்தினால் பேச்செல்லாம் கீழே எழுத்தாக ஓடும் என்று அறை நண்பன் ஒருவன் காட்டித் தந்தான். வசவு எது, கொஞ்சல் எது என்று நான் பிரித்தறியக் கற்றது அந்த எழுத்துகளில்தான்.

கடையை விற்றாயிற்று. இப்போது இணையத்தில், பிபிசியின் ஐபிளேயரில் ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’, ஐடிவிஎக்ஸில் ‘கொரோனேஷன் ஸ்ட்ரீட்’, மகள் வந்தால் ‘எமர்டேல்’. இத்தனை வருடம் பார்த்ததில் இந்த நாடகங்களுக்குள் குடிவந்த கறுப்பினக் குடும்பங்களையும் ஆசியக் குடும்பங்களையும் பற்றி எனக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. (இங்கே ‘ஆசியர்’ என்றால் சீனரோ ஜப்பானியரோ இல்லை. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை என்று நம் பக்கத்து ஆட்கள்.) அந்தக் கணக்கைத்தான் எழுதுகிறேன்.

முதலில் கொடுக்க வேண்டிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ 1985 பிப்ரவரி 19 அன்று தொடங்கியபோதே, கதை நடக்கும் ஆல்பர்ட் ஸ்கொயர் என்ற சதுக்கத்தில் வங்கதேசத்துத் தம்பதி சயீத், நைமா ஜெஃப்ரி இருந்தார்கள். கறுப்பினத்தவரான டோனி கார்ப்பென்டரும் அவருடைய மகன் கெல்வினும் இருந்தார்கள். பிறகு யோசித்துச் சேர்த்த ஆட்கள் இல்லை. மான்செஸ்டர் பக்கத்துக் ‘கொரோனேஷன் ஸ்ட்ரீட்’ 1960இல் தொடங்கியது. ஒரு முழுக் கறுப்பினக் குடும்பம், பெய்லி குடும்பம், அந்தத் தெருவில் வீடு எடுத்தது 2019இல். 59 வருடம்! அதற்கு முன் தனித்தனியாக ஆட்கள் வந்து போனார்கள்தான். ஆனால் தாய், தகப்பன், பிள்ளைகள் என்று ஒரு வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போக அவ்வளவு காலம் பிடித்தது.

சரி, கடை விஷயத்துக்கு வருகிறேன். ஜெஃப்ரி தம்பதிக்கு என்ன தொழில்? மூலைக்கடை. பிறகு வந்த கரீம் குடும்பத்துக்கும் கடை. ‘கொரோனேஷன் ஸ்ட்ரீட்’டில் 1999 முதல் இருக்கும் டெவ் அலஹானுக்கும் கடை. கதாசிரியர்களுக்கு வேறு தொழிலே தெரியாதா என்று பலர் கோபப்படுவார்கள். எனக்குக் கோபம் அதில் இல்லை. நாங்கள் கடை வைத்திருந்தது உண்மைதானே. என் கோபம் வேறு: கடையைக் காட்டுகிறார்கள், கடை வேலையைக் காட்டுவதில்லை. டெவின் கடைக்கு வருகிறவர்கள் ஒரு பால் போத்தலை எடுக்கிறார்கள், ஒரு ரகசியத்தைச் சொல்கிறார்கள், போய்விடுகிறார்கள். மிச்சக் காசுக்கு நிற்கிறவரைக் காண்பது அரிது. விடிய ஐந்து மணிக்குப் பேப்பர் கட்டின் நைலோன் பட்டியை வெட்டும்போது விரல் கிழிவதை, விற்காத பேப்பரை எண்ணித் திருப்பி அனுப்புவதை, முன்பணம் கட்டும் மின்சார மீட்டரின் சாவிக்கு ஐந்து பவுண்டு போட வந்தவரிடம் மெஷின் வேலை செய்யவில்லை என்று சொல்லித் திட்டு வாங்குவதை, தயிரின் திகதியைப் பார்த்துப் பார்த்து முன்னுக்கு அடுக்குவதை நான் அங்கே கண்டதே இல்லை. பியர் வாங்க வந்த பெடியனிடம் வயது கேட்டால் என்ன நடக்கும் என்று எந்த மூலைக்கடைக்காரனிடம் கேட்டாலும் மூன்று எபிசோடுக்குக் கதை சொல்வான். கடை அவர்களுக்கு ஒரு மேடை. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ஸில் தம்வார் மசூதாக நடித்த ஹிமேஷ் பட்டேலின் பெற்றோர் நிஜத்தில் பேப்பர் கடை நடத்தியவர்கள். அந்தப் பையனிடம் கேட்டிருந்தாலே போதும்.

மிக மோசமான குடும்பம் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: ஃபெரேரா குடும்பம். 2003இல் வந்தார்கள். கோவாக்காரக் குடும்பப் பெயர். ஆடி, ஆஷ், தாரிக் என்று வீட்டுக்குள் எல்லா மதத்தையும் கலந்த பெயர்கள். எந்தக் கோயிலுக்குப் போகிறார்கள், எந்த மொழியில் பேசிக்கொள்கிறார்கள், ஊரில் யார் இருக்கிறார்கள் என்று ஒன்றும் பிடிபடாது. அந்த நேரம் என் மனைவி சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: “இஞ்சாருங்கோ, இதுகள் ஒரு வீட்டு ஆக்கள் மாதிரியே இல்லை. பஸ் ஹோல்ட்டில நிக்கிற ஆக்கள் மாதிரி இருக்கு.” போதாக்குறைக்குத் தகப்பனாக நடித்த டலிப் தாஹிலுக்கு வேலை அனுமதிப் பத்திரத்தில் சிக்கல் வந்து, அவர் போக வேண்டியதாயிற்று. குடும்பத் தலைவன் இல்லாத குடும்பக் கதையை இழுத்து இழுத்து, 2005இல் எல்லாரையும் ஒருவர் பின் ஒருவராக அனுப்பிவிட்டார்கள். கடையில் ஒரு வாடிக்கையாளர்கூட அவர்களைப் பற்றி விசாரித்ததாக எனக்கு நினைவில்லை. சோப் நாடகத்தில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

அதற்கு இரண்டே வருடம் கழித்து அதே சதுக்கத்துக்கு மசூத் குடும்பம் வந்தது. பாகிஸ்தானிய முஸ்லிம்கள். தாய் சைனப், தகப்பன் மசூத் அகமது. அவர் தபால்காரர் — அப்பாடா, கடை இல்லை! சைனபாக நடித்த நீனா வாடியா பார்சிக் குடும்பத்துப் பெண். மசூதாக நடித்த நிட்டின் கணாத்ரா கென்யாவில் பிறந்த குஜராத்தி. இருவரும் பாகிஸ்தானியர் இல்லையே என்று குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது உறுத்தவில்லை. ஏனென்றால் அவர்களுக்குள் நடந்த சண்டை எங்கள் வீட்டுச் சண்டை. சைனப் குத்திக் காட்டிப் பேசுவாள், மசூத் கேட்காதவர் போல் இருப்பார், பிறகு மெல்ல ஒரு பகிடி விடுவார், அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு இன்னொன்று சொல்வாள். தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளைகள் வீட்டில் இருக்க, அந்த வயதில் சைனப் மறுபடி கர்ப்பமாகிறாள். ஊர் என்ன சொல்லும் என்று ஆசிய வீட்டில் ஒரு தாய் பயப்படுவதை நாடகங்கள் எத்தனையோ தடவை காட்டியிருக்கின்றன. அதில் சிரிப்பும் இருக்கிறது என்று காட்டியது இவர்கள்தான். காலையில் பேப்பர் எடுக்க வரும் வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி என்னிடம் சொன்னாள்: “அந்த சைனப் அப்படியே என் மாமியார்.” அவளுடைய மாமியார் அயர்லாந்துக்காரி.

மூத்த மகன் சையத் இன்னொரு ஆணை, கிறிஸ்டியனை, காதலிக்கும் கதை 2009இல் வந்தது. கடையில் இரண்டு கட்சி. பக்கத்துத் தெருப் பள்ளிவாசலுக்குப் போகும் நண்பர் ஒருவர் பேப்பரைக் கல்லாவில் தூக்கிப் போட்டு, “ஏன் எங்கள் ஆட்களை மட்டும்?” என்று கேட்டார். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே வந்து, நேற்று என்ன நடந்தது என்று கேட்டார். 2010 புத்தாண்டு அன்று சையதுக்கும் அமீராவுக்கும் கல்யாணம். மகனைப் பற்றித் தெரிந்த பின்னும் சைனப் அந்தக் கல்யாணத்தை நடத்திவைக்கிறாள். மணமகனின் தாய் என்று பட்டும் நகையுமாக அவள் நிற்கிற நிலையைப் பார்த்தபோது எனக்கு வெறுப்பு வரவில்லை, பாவம் என்றிருந்தது. கொடுமைக்காரத் தாய் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். அவர்கள் பயந்த தாய் என்று எழுதினார்கள்.

பிறகு அதே எழுத்தாளர் கூட்டம் சைனபின் முதல் கணவன் யூசுஃபைக் கூட்டிவந்தது. அடி, மிரட்டல், தீ. ஆசிய ஆண் என்றால் வீட்டை எரிக்கிறவன் என்ற பழைய பெட்டிக்குள் திரும்பவும் கையை விட்டார்கள். நான் அந்த மாதங்களில் பெரும்பாலும் சரக்கு அடுக்கிக்கொண்டிருந்தேன்.

கறுப்பினக் குடும்பங்களில் எனக்கு ஒரே ஒரு ஆள் போதும்: பேட்ரிக் ட்ரூமன். ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ஸில் பேட்ரிக்காக வரும் ருடால்ஃப் வாக்கர் டிரினிடாட்டில் பிறந்தவர். 1970களில் அவர் நடித்த ‘லவ் தை நெய்பர்’ நகைச்சுவைத் தொடரில், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன் அவரைத் தோல் நிறத்தை வைத்து வாரத்துக்கு வாரம் இழித்துப் பேசுவான்; நாடே உட்கார்ந்து சிரித்தது. அதே மனிதர் 2001இல் ஆல்பர்ட் ஸ்கொயருக்கு வந்து, தொப்பியும் ரம் கிளாஸுமாக, அங்கே எல்லாருக்கும் பெரியவராகிவிட்டார். 2009 பிப்ரவரியில் ஒரு எபிசோட் முழுக்கக் கறுப்பின நடிகர்கள் மட்டுமே. அந்த நாடகத்தில் அது முதல் தடவை. அதில் பேட்ரிக் 1958 நாட்டிங் ஹில் கலவரத்தைப் பற்றிப் பேசுகிறார். பெரிய காட்சி கிடையாது, கார் வெடிக்கவில்லை, ஒருவரும் ஒருவரையும் கத்தியால் குத்தவில்லை. ஒரு வயதானவர் இருந்து கதை சொல்கிறார், இளையவர்கள் கேட்கிறார்கள்.

அன்று கடையில் ஒரு ஜமைக்காக்காரர், பஸ் சாரதியாக இருந்து ஓய்வு பெற்றவர், லொத்தர் சீட்டை எழுத வந்தவர், எழுதாமல் நின்று அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வரிசை நின்றது. நான் வரிசையை மற்றப் பக்கம் வரச் சொன்னேன். முடிந்ததும் அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். என் பேனா அது.

ஆனால் அதே வீட்டில் என்ன செய்தார்கள் பாருங்கள். அந்த வீட்டுப் பெண் டெனிஸின் கணவன் லூகாஸ் ஒரு கிறிஸ்தவப் பிரசங்கி. 2010இல் அவன் கொலைகாரனாகி, டெனிஸை ஒரு நிலவறையில் அடைத்து வைத்தான். ஈஸ்ட் ஹாமில் ஞாயிறு காலை வெள்ளை உடுப்போடு ஆராதனைக்குப் போகிற ஆப்பிரிக்க, கரீபியன் குடும்பங்கள் எத்தனை! பைபிளைக் கையில் பிடித்த ஒரு கறுப்பின ஆண் நாடகத்துக்கு வந்தால், அவனுக்குக் கிடைப்பது நிலவறைச் சாவியா?

‘கொரோனேஷன் ஸ்ட்ரீட்’டில் பிந்தி வந்தாலும் ஒன்றை நன்றாகச் செய்தார்கள். யாஸ்மீன் நசீர் அங்கே வந்த முதல் முஸ்லிம் குடும்பத்துப் பாட்டி. அவள் ஜெஃப் மெட்காஃப் என்ற வெள்ளைக்காரனைக் கட்டுகிறாள். சிரித்த முகம், சின்னச் சின்ன மந்திர வித்தை காட்டுகிற ஆள். அவன்தான் மெல்ல மெல்ல அவளுடைய காசை, போனை, கூட்டாளிகளைப் பிடுங்குகிறான். அவள் ஆசையாக வளர்த்த கோழி ஒன்று, பெயர் ஷார்லட் பிராண்டே. ஒருநாள் அவளுக்கு இறைச்சி சமைத்துக் கொடுக்கிறான். சாப்பிட்ட பிறகுதான் அது எந்தக் கோழி என்று அவளுக்குத் தெரிகிறது. என் மனைவி அன்று எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். ஆசியப் பெண் என்றால் அவளை வதைப்பவன் அண்ணனோ தகப்பனோ மாமனோ என்றுதான் முப்பது வருடமாகப் பார்த்தோம். அந்த வழக்கத்தை இவர்கள் திருப்பிப் போட்டார்கள், அதற்காக ஒரு பிரசங்கமும் வைக்கவில்லை.

இப்போதைய குடும்பம் பனேசர் குடும்பம், பஞ்சாபிச் சீக்கியர்கள். இவர்களை இறக்கிய விதமே வேறு. முழுக் குடும்பத்தையும் பெட்டி படுக்கையோடு ஒரே டாக்சியில் கொண்டுவந்து கொட்டவில்லை. 2019இல் பிள்ளைகள் வந்தார்கள். தாய் சுகி 2020இல் வந்தாள். சிறையிலிருந்த கணவன் நிஷ் 2022இல். அதற்குள் சுகி யார், எதற்கு அவள் மினிட் மார்ட் கடையையும் பிள்ளைகளையும் ஒரே பிடியில் வைத்திருக்கிறாள் என்று நமக்குத் தெரிந்துவிட்டது. சுகியாக வரும் பல்விந்தர் சோபல் பேசாமலே பாதியைச் சொல்லிவிடுகிறார். கணக்குப் புத்தகத்தை மூடுவதுபோல் முகத்தை மூடுவார். ஈவ் என்ற பெண்மேல் சுகிக்கு வரும் காதல் மெல்ல வந்தது, அவசரப்படவில்லை. 2023 கிறிஸ்துமஸ் அன்று ஒரு பிணத்தைச் சுற்றி ஆறு பெண்கள் நின்றார்களே, அதில் சுகியும் ஒருத்தி, டெனிஸும் ஒருத்தி. ‘கலாச்சாரப் பிரச்சினை’ என்று தனி மேசை போடாமல், கிறிஸ்துமஸ் கொலையிலேயே பங்கு கொடுத்துவிட்டார்கள். சோப் நாடகத்தில் இதுதான் குடியுரிமை.

நிஷ் வந்ததும் மறுபடி அதே கொடுங்கோல் தகப்பன். மசூதைத் தவிர்த்தால் நல்ல ஆசியத் தகப்பனைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது.

‘எமர்டேல்’ பற்றி அதிகம் சொல்ல இல்லை. யோர்க்‌ஷயர் கிராமத்தில் இனிப்புத் தொழிற்சாலை வைத்திருந்த ஷர்மா குடும்பம். ஜெய்யாக நடிக்கும் கிறிஸ் பிசன் முன்பு ‘கொரோனேஷன் ஸ்ட்ரீட்’டில் விக்ரம் தேசாய். ஆசிய நடிகர்களுக்கு இருந்த வேலைகளின் எண்ணிக்கையை அதிலிருந்து நீங்களே கணக்குப் பார்க்கலாம்.

புதிதாகப் பார்க்கப் போகிறவர்கள் பனேசரிலிருந்து தொடங்குங்கள். எழுத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். ஐபிளேயருக்கு டிவி லைசென்ஸ் கட்டியிருக்க வேண்டும், அதை மறக்காதீர்கள்.

போன கிழமை மனைவி கேட்டாள், “இவ்வளவு காலம் பாக்கிறம், ஒரு தமிழ்க் குடும்பம் வரேல்லையே. வந்தா என்ன தொழில் குடுப்பாங்கள்?”

“கடைதான்,” என்றேன்.

“இல்லை, பெற்றோல் செட்,” என்றாள்.

இத்தனை வருடத்தில் ஆல்பர்ட் ஸ்கொயரில் நான் ஒரு பெற்றோல் செட்டைப் பார்த்ததில்லை.