ரெக்கார்டு பிளேயருக்கு வீட்டிலேயே ஒரு மூடி: துணியா, கண்ணாடியா, பிளைவுட்டா, அக்ரிலிக்கா?

ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலை ஆரம்பித்ததிலிருந்து எங்கள் வளசரவாக்கம் வீட்டில் காலையில் துடைத்த மேசையில் சாயங்காலம் விரலால் பெயர் எழுதலாம். அந்தத் தூசு டிவி மேல் படிந்தால் துடைத்துவிட்டுப் போகலாம். ரெக்கார்டு பிளேயரில் அப்படி விட முடியாது, ஏனென்றால் எல்பி தட்டில் முள் ஓடுகிற பள்ளத்தின் அகலமே கிட்டத்தட்ட 0.05 மி.மீ. தான். அதற்குள் ஒரு துகள் உட்கார்ந்தால் பட்டென்று ஒரு சத்தம் கேட்கும், அதன் மேலேயே முள் திரும்பத் திரும்ப ஓடினால் பள்ளத்தின் சுவர் கீறிப்போய் அந்தச் சத்தம் தட்டோடு தங்கிவிடும், அப்புறம் எத்தனை முறை கழுவினாலும் போகாது.

என்னுடையது பெல்ட் டிரைவ் மெஷின், அதாவது மோட்டார் ஒரு ரப்பர் பெல்ட் வழியாகத் தட்டைச் சுற்றுகிற வகை, பழையதாக வாங்கியது, மூடி இல்லாமல்தான் வந்தது. முதலில் துணி, அப்புறம் கண்ணாடி, கடைசியில் கண்ணாடி மாதிரியே தெரிகிற பிளாஸ்டிக்கான அக்ரிலிக் என்று மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன். பிளைவுட் பெட்டி ஒன்று நண்பர் வீட்டில் இருக்கிறது, அதையும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: தினமும் அதைத் தூக்கி வைக்கும்போது முள்ளுக்கு ஆபத்து உண்டா? தூசைத் தடுப்பது எல்லா மூடியும் ஏதோ ஒரு அளவில் செய்கிற வேலைதான்.

துணியில் பெரிய செலவு ஒன்றும் இல்லை. கோடவுன் தெருவில் மீட்டர் துணி வாங்கி, தெருமுனை டெய்லரிடம் கொடுத்தால் தலையணை உறை மாதிரி தைத்துக் கொடுத்துவிடுவார். வெல்வெட், டவல் இரண்டையும் தொடாதீர்கள், அவற்றின் நாரே தூசாக உதிரும். நெருக்கமாக நெய்த காட்டன் பரவாயில்லை. ஆனால் துணி தொங்கும், தொங்குகிற துணி ஆர்மின் மேல், அதாவது முள்ளைத் தட்டின் மேல் கொண்டுபோகிற நீளக் கையின் மேல் படும். எனக்கு நடந்தது இதுதான்: அம்மா பூஜை முடித்து வந்து, நான் பாட்டுப் போடப் போகிறேன் என்று தெரிந்து, உதவியாகத் துணியை இழுத்தார். ஆர்மின் நுனியில் முள்ளைத் தாங்குகிற அந்த மெல்லிய அலுமினியக் குழாயில் ஒரு நூல் மாட்டியிருந்திருக்கிறது. குழாய் இடப்பக்கமாக வளைந்துவிட்டது, குண்டூசியை விட மெல்லியது அது, நிமிர்த்தப் போனால் ஒடியும். புது முள் வாங்கிய காசில் நல்ல மூடியே செய்திருக்கலாம். அம்மா ஒரு வாரம் அதைப் பற்றியே வருத்தப்பட்டார், அவர் மேல் தப்பே இல்லை, மூடி அப்படி. இன்னொன்று, ஐப்பசி கார்த்திகை மழையில் துணி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தூக்கினால் முக்கல் வாசனை வரும்.

அடுத்தது கண்ணாடி. கொளத்தூரில் வண்ணமீன் தொட்டி செய்கிறவர்களிடம் அளவு கொடுத்தால் 4 மி.மீ. கண்ணாடியில் சிலிக்கான் வைத்து ஒட்டித் தருவார்கள், அதைக் கவிழ்த்து வைத்தால் மூடி. அழகு என்றால் இதுதான் அழகு. கீறல் விழாது, வருஷக்கணக்கில் மங்காது, அக்ரிலிக் அளவுக்குத் தூசை இழுக்காது. ஆனால் எடை! என் மெஷினுக்கு உள்ளளவு 47 செ.மீ. அகலம், 39 ஆழம், 16 உயரம் வேண்டியிருந்தது. அந்த அளவுக்கு 4 மி.மீ. கண்ணாடி நாலரை கிலோவைத் தாண்டும். வியர்த்த கையோடு நாலரை கிலோவை ஆர்முக்கு மேலே நேராகத் தூக்கி நேராக இறக்க வேண்டும், தினமும். மூன்று மாதம் பயந்து பயந்து தூக்கிவிட்டு நிறுத்திக்கொண்டேன். செய்வதாக இருந்தால் விளிம்பைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். புதிதாக ஒட்டிய சிலிக்கானில் வினிகர் நெடி அடித்தால் அது அசிட்டிக் அமிலம், உலோகத்துக்கு ஆகாது, நெடி போகும்வரை சில நாள் தனியாகக் காயவிட்டு அப்புறம் மெஷின் மேல் வையுங்கள்.

பிளைவுட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 6 மி.மீ. பலகையில் அதே அளவுக்கு ஒன்றரை கிலோ சொச்சம்தான் வரும், உறுதியானது, பல்லி எச்சத்துக்கும் ஒட்டடைக்கும் அஞ்ச வேண்டாம். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் தூக்க வேண்டும். ஆர்ம் கொக்கியில் இருக்கிறதா, தட்டின் மேலேயே கிடக்கிறதா என்பதைத் தூக்கிய பிறகுதான் பார்ப்பீர்கள். ஒரே ஒரு இடத்தில் இதுதான் சரி: ஜன்னல் வெயில் நேராக மெஷின் மேல் விழுகிற வீடு. கண்ணாடியோ அக்ரிலிக்கோ போட்டு உள்ளே தட்டையும் விட்டுவிட்டால் மே மாத வெயிலில் அந்தச் சூடு உள்ளேயே தேங்கி, தட்டு அப்பளம் போல நெளிந்துவிடும்.

நான் நின்றது அக்ரிலிக்கில். கடைக்கு எல்இடி பெயர்ப் பலகை செய்கிறவர்களிடம் போங்கள், 8க்கு 4 அடி ஷீட்டில் மிஞ்சிய துண்டுகள் அவர்களிடம் எப்போதும் கிடக்கும், ஐந்து துண்டு தேற்றிவிடலாம். கடைக்கார அண்ணன், "மூணு எம்எம் போதும் சார், எதுக்கு வேஸ்ட்டா" என்றார். 3 மி.மீ. லேசுதான், ஆனால் 47 செ.மீ. நீளத்துக்கு மேல்பலகை நடுவில் கொஞ்சம் தொய்கிறது. நான் 4 மி.மீ. எடுத்தேன், மொத்தம் இரண்டு கிலோவைச் சற்றே தாண்டியது, ஒரு கையால்கூடத் தூக்கலாம்.

ஒட்டுவதில்தான் நிறைய பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். சூப்பர் க்ளூ போட்டால் ஓரமெல்லாம் வெள்ளைப் புகையாகப் படரும். இணைப்பை டேப் போட்டு இறுக்கிவிட்டு, கடையில் வைத்திருக்கும் அந்தத் தண்ணீர் மாதிரித் திரவத்தை ஊசி சிரிஞ்சில் எடுத்து ஓரமாக ஓடவிட்டால் அதுவே இடுக்குக்குள் ஏறும், பிளாஸ்டிக்கைக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். பெரும்பாலும் அது குளோரோஃபாம் அல்லது அந்த வகை திரவம், மூடிய அறையில் செய்யவே கூடாது, முடிந்தால் கடையிலேயே ஒட்டி வாங்கிவிடுங்கள்.

அளவு எடுக்கும்போது மெஷினின் பெட்டியை மட்டும் அளந்தால் ஏமாறுவீர்கள். ஆர்மின் பின்னால் இருக்கும் எடைக்கட்டி பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதையும் சேர்த்து அளந்து இரண்டு செ.மீ. கூட்டுங்கள். பின்பலகையின் கீழ்விளிம்பில் வயர் போக ஒரு அங்குல உயரத்துக்கு வாய் வெட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் மூடி வயர் மேல் சாய்ந்து நிற்கும். கீல் வேண்டாம். மூடி மெஷின் மேல் உட்காராமல் மேசை மேல் உட்காரட்டும், பாட்டு ஓடும்போது எடுத்துக் கீழே வைத்துவிடுங்கள், ஸ்பீக்கர் சத்தத்தில் மூடி அதிர்ந்தால் அந்த அதிர்வு முள் வரை போகும்.

அக்ரிலிக்கின் குறை ஒன்று உண்டு, அதை மறைக்க மாட்டேன். காய்ந்த துணியால் துடைத்தால் மின்னேற்றம் ஏறி, சுற்றியிருக்கிற தூசையெல்லாம் தன் மேல் இழுத்துக்கொள்ளும். ஏசி ஓடுகிற அறையில் இது இன்னும் மோசம். மைக்ரோஃபைபர் துணியைத் தண்ணீரில் நனைத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, நன்றாகப் பிழிந்து மெதுவாகத் துடையுங்கள். ஸ்பிரிட், சானிடைசர், ஜன்னல் கண்ணாடி துடைக்கிற ஸ்ப்ரே எதுவும் வேண்டாம், லேசரில் வெட்டிய ஓரங்களில் பட்டால் மயிரிழை விரிசலாக ஓடும். துடைப்பதற்கு முன்னால் மூடியைக் கழற்றிப் பக்கத்து அறைக்கு எடுத்துப் போய்விடுங்கள், மெஷின் மேலேயே வைத்துத் துடைத்தால் மேலிருக்கும் தூசு முழுக்க இடுக்கு வழியாக உள்ளேதான் போகும்.