ஸ்காட்லாந்து வரலாறு: முதலில் பிரெபிளா, டிவைனா?

ஸ்காட்லாந்தைப் பற்றிப் பொதுவாசகருக்காக எழுதப்பட்ட புத்தகங்களில் எதை முதலில் எடுப்பது என்று யாராவது கேட்டால் ஜான் பிரெபிள் என்பேன். எதை நம்பலாம் என்று கேட்டால் வரலாற்றுப் பேராசிரியர் டாம் டிவைன் என்பேன். இருவரும் எழுதியிருப்பது ஒரே கொடுமையை: 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, நிலச்சுவான்தார்கள் தலைமுறை தலைமுறையாக இருந்த குடிகளை விரட்டிவிட்டு அந்த நிலத்தைச் செம்மறியாட்டுப் பண்ணையாக்கிய கதை. பிரெபிளின் 'தி ஹைலேண்ட் கிளியரன்ஸஸ்' 1963இல் வந்தது. டிவைனின் 'தி ஸ்காட்டிஷ் கிளியரன்ஸஸ்' 2018இல்.

பிரெபிள் பத்திரிகைக்காரர். இங்கிலாந்தில் பிறந்து, கனடாவில் ஸ்காட்லாந்துக்காரர்கள் குடியேறிய ஊரில் வளர்ந்தவர். 1814இல் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் நடந்ததை அவர் எழுத்தில் படித்தவர்களுக்கு அது மறக்காது. சதர்லாந்து எஸ்டேட்டின் நிர்வாகி பேட்ரிக் செல்லர் ஆட்களோடு வருகிறார். வீட்டைக் காலி செய்தால் போதாது என்று கூரை மரங்களையும் கொளுத்துகிறார்கள். மரம் அரிதான சீமை அது. வீடு மாறுகிறவர்கள் கூரை மரங்களைச் சுமந்துபோய்த்தான் அடுத்த வீட்டைக் கட்டுவார்கள். அது எரிந்துவிட்டால் எங்கே போனாலும் வானமே கூரை. பேடின்லாஸ்கின் என்ற இடத்தில் நூறு வயதை நெருங்கிய ஒரு கிழவியைத் தீப்பிடித்த வீட்டிலிருந்து போர்வையோடு தூக்கி வெளியே போடுகிறார்கள். சில நாளில் அவள் உயிர் போய்விடுகிறது. அங்கே ஆட்டுப்பண்ணைக்குக் குத்தகை எடுத்திருந்தவரும் அதே செல்லர்தான். 1816இல் இன்வர்னஸ் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது.

1792இல் ராஸ்ஷயர் மக்கள் ஆட்டு மந்தைகளைத் திரட்டி ஊரைவிட்டே ஓட்டப் பார்த்ததையும் பிரெபிள் சொல்கிறார். அந்தக் கலவரம் வெடித்த நிலங்களுக்குச் சொந்தக்காரர் ஹெக்டர் மன்றோ. நமக்குத் தெரிந்த ஆள்தான். 1780இல் ஹைதர் அலியோடு நடந்த பொள்ளிலூர்ப் போருக்குப் பிறகு காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குப் பின்வாங்கிய ஆங்கிலேயத் தரப்புத் தளபதி. மறு ஆண்டே டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தவர். அந்த வெற்றியின் நினைவாக நாகப்பட்டினக் கோட்டை வாசலைப் போல ஒரு கட்டடத்தைத் தன் ஊரில் ஃபைரிஷ் குன்றின் மேல் எழுப்பினார். இன்றும் அது நிற்கிறது. இங்கே கிடைத்த பணமும் பெயரும் அங்கே யார் தலையில் விடிந்தன என்று யோசிக்க வைக்கிற இடம் இது.

பிரெபிளின் குறை எங்கே என்றால், சாட்சியை அவர் எடை போடுவதில்லை. ஸ்ட்ராத்நேவர் பற்றிய அவருடைய முக்கிய ஆதாரங்களில் ஒன்று கல்தச்சர் டொனால்ட் மெக்லியோட் எழுதியது. சம்பவம் நடந்து கால் நூற்றாண்டுக்கு மேல் கழித்து, ஆறாத கோபத்தோடு அவர் எழுதினார். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் கோபத்தை அப்படியே வாங்கி அடுத்தவருக்குக் கொடுப்பது வரலாற்றாசிரியரின் வேலை ஆகாது. பல்கலைக்கழக வரலாற்றாசிரியர்கள் பிரெபிளை ஏற்க மறுத்ததற்கு இது ஒரு காரணம்.

டிவைன் செய்கிற முதல் காரியம் வரைபடத்தை விரிப்பது. வெளியேற்றம் என்றாலே 'ஹைலேண்ட்' எனப்படும் வடக்கு மலைநாடு என்று எல்லோரும் நினைக்கிறோம். தெற்கே தாழ்நிலப் பகுதியில், உழைப்புக்குக் கூலியாகத் துண்டு நிலம் வைத்துப் பிழைத்த 'காட்டர்' குடும்பங்கள் சில பத்தாண்டுகளுக்குள் கிட்டத்தட்ட இல்லாமலே போயின. அவர்களுக்குப் பாட்டும் இல்லை, நினைவுத்தூணும் இல்லை. 1724இல் காலோவேயில் மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி எழுப்பிய கல் வேலிகளை இரவோடு இரவாகத் தள்ளிவிட்ட குடியானவர்களை பிரெபிள் வழியாக வந்த வாசகர் சந்தித்திருக்கவே மாட்டார். தெற்கில் ஏன் பெரிய எதிர்ப்பு தொடரவில்லை என்பதற்கு டிவைன் சொல்லும் விளக்கம் எனக்கு முழுக்க ஏற்புடையது: பக்கத்திலேயே நெசவும் ஆலைகளும் வளரும் ஊர்களும் இருந்தன, போனவர்களுக்குக் கூலி கிடைத்தது. வடக்கில் அப்படிப் போக இடமில்லை. அங்கே கடற்பாசியை எரித்துச் சாம்பல் எடுத்து விற்ற தொழிலும் நெப்போலியன் போர்களுக்குப் பிறகு படுத்துவிட்டது. 1846இல் உருளைக்கிழங்கும் அழுகிப்போனது. ஜமீன்களே கடனில் மூழ்கிக் கைமாறின.

இதையெல்லாம் சொல்வதால் டிவைன் நிலச்சுவான்தார்களுக்கு வக்காலத்து வாங்குகிறார் என்று நினைக்க வேண்டாம். கொடுமையை அவர் மறைப்பதே இல்லை. காரணத்தைச் சேர்த்துச் சொல்கிறார், அவ்வளவுதான். நடை மட்டும் கொஞ்சம் கனம். குத்தகைக் கணக்குகளும் மக்கள்தொகை விவரங்களும் அடுக்கடுக்காக வரும். பிரெபிளைப் படித்து மனம் கொதித்திருப்பவருக்குத்தான் அந்தக் கணக்குகளில் ஆட்கள் தெரிவார்கள். அதனால்தான் இந்த வரிசையை விடாமல் சொல்கிறேன்.

பண்பாட்டுப் பக்கம் வந்தால் இன்னொரு ஜோடி உண்டு. அமெரிக்கரான ஆர்தர் ஹெர்மன் 2001இல் எழுதிய புத்தகம், நவீன உலகத்தையே ஸ்காட்லாந்துக்காரர்கள்தான் உருவாக்கினார்கள் என்கிறது. ஆடம் ஸ்மித், டேவிட் ஹியூம், ஜேம்ஸ் வாட் என்று உற்சாகமாக ஓடுகிறது. அறிமுகத்துக்கு நல்லது, ஆனால் பெருமைப் பட்டியலாகவே முடிந்துவிடுகிறது. எதிர்முனையில் ஆங்கிலேயரான ஹியூ ட்ரெவர்-ரோப்பர். அவர் இறந்து ஐந்து ஆண்டு கழித்து 2008இல் வந்த 'தி இன்வென்ஷன் ஆஃப் ஸ்காட்லாந்து', இன்று நாம் பார்க்கிற குட்டைக் கில்ட்டை, அதாவது ஸ்காட்லாந்து ஆண்கள் அணியும் பாவாடை போன்ற உடையை, வடிவமைத்தவர் இங்கிலாந்தின் லங்காஷயரிலிருந்து வந்த இரும்பாலை முதலாளி தாமஸ் ராலின்சன் என்று வாதிடுகிறது. 1822இல் பிரிட்டிஷ் மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தபோது நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் முன்னின்று நடத்திய, எங்கும் டார்ட்டன் என்ற கட்டம் போட்ட துணியாக இருந்த விழாவையும் பிரித்து மேய்கிறது. கூர்மையான புத்தகம், சந்தேகமில்லை. ஆனால் ஒரு மரபு புதிது என்று காட்டிவிட்டால் அது பொய்யாகிவிடும் என்ற அவருடைய தொனியை என்னால் ஏற்க முடியவில்லை. 1746இல் அரசு சட்டம் போட்டுத் தடுத்த மலைநாட்டு உடையை மக்கள் பிறகு எடுத்து அணிந்தார்கள் என்றால் அதில் அவர்களுடைய தேவையும் இருந்திருக்கும். இந்த இரண்டில் ஒன்றுதான் என்றால் ட்ரெவர்-ரோப்பரையே வாங்குங்கள். எதிர்த்து வாதாடவாவது அதில் விஷயம் இருக்கிறது.

நீல் ஆலிவரின் 2009ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து வரலாற்றுப் புத்தகம் பிபிசி தொலைக்காட்சித் தொடரோடு வந்தது. மன்னர்களின் வரிசை தெரிய வேண்டுமென்றால் போதும்.

மன்னர்கள் கதை வேண்டாம், சாதாரண ஆட்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று தெரிந்தால் போதும் என்பவர்கள் டி.சி. ஸ்மௌட் 1969இல் எழுதிய, 1560 முதல் 1830 வரையிலான மக்கள் வரலாற்றைத் தேடிப் பிடியுங்கள். பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் பேரம் பேசாமல் வாங்கிவிடலாம்.