மதுரை மொட்டைமாடியில் ஸ்ட்ராபெரி: வெயிலைவிடத் தண்ணீர்தான் வில்லங்கம்

மதுரையில் ஸ்ட்ராபெரி காய்க்குமா? காய்க்கும். தையிலும் மாசியிலும் காய்க்கும். பங்குனி பிறந்ததும் கடையைக் கட்டிவிடும். கூடை கூடையாகப் பறிப்பதாகக் காட்டும் வீடியோக்களை நம்பிப் பணத்தைக் கொட்ட வேண்டாம். ஒரு பருவம் முழுவதற்கும் செடிக்கு ஒரு கைப்பிடிப் பழம் கிடைத்தால் அது நல்ல மகசூல். திருநகரில் எங்கள் வீட்டு மாடியில் சில ஆண்டுகளாக விடாமல் வளர்த்துப் பார்த்ததில் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் விதையைப் பற்றி. இணையத்தில் விற்கும் விதைப் பொட்டலங்களைத் தொடவே தொடாதீர்கள். ஸ்ட்ராபெரி கலப்பின வம்சம். விதையிலிருந்து வருவது தாய்ச்செடியைப் போல இருக்காது, முளைப்பதற்கே வாரக்கணக்கில் ஆகும். அதிலும் நீல நிற ஸ்ட்ராபெரி விதை என்று ஒன்று விற்கிறார்கள். அப்படி ஒரு பழம் உலகில் எங்குமே கிடையாது. நாற்றாக வாங்குவதுதான் ஒரே வழி. விண்டர் டான், கமரோசா, ஸ்வீட் சார்லி என்ற பெயர்களில் கிடைக்கின்றன. எங்கள் மாடியில் விண்டர் டான் சீக்கிரம் பூத்தது. நமக்குக் கிடைக்கும் குளிர் கொஞ்ச நாள்தான் என்பதால் முந்திப் பூக்கும் ரகத்துக்கே என் ஓட்டு.

எல்லோரும் வெயிலைத்தான் குறை சொல்கிறார்கள். என் கணக்கில் முதல் எதிரி ஆழ்குழாய்த் தண்ணீர். உப்பைத் தாங்காத பயிர்களில் ஸ்ட்ராபெரி முன்வரிசையில் நிற்கிறது. மண்ணின் கார அமிலத் தன்மை (pH) 5.5 முதல் 6.5 வரை, அதாவது லேசான அமிலமாக, இருந்தால் அதற்குச் சுகம். எங்கள் போர் தண்ணீரோ குடத்தில் வெள்ளைப் படலம் கட்டும் ரகம். மானாமதுரை மண்தொட்டியில் வைத்த செடிகளில் இது கண்ணெதிரே தெரிந்தது. தொட்டியின் வெளிப்புறத்தில் பாதி உயரத்துக்கு உப்புப் பூத்தது. பிறகு இலையோரம் காபிப்பொடி நிறத்தில் கருகத் தொடங்கியது. இளம் இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. அது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லை என்பதல்ல, காரத் தண்ணீர் அதை வேர் எடுக்க முடியாதபடி பூட்டிவிடுகிறது. இது தெரியாமல் உரத்தை ஏற்றினால் உப்பு இன்னும் கூடும்.

தீர்வு வானத்திலிருந்து வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையை மூடி போட்ட இரண்டு 200 லிட்டர் டிரம்மில் பிடித்து வைத்துக்கொள்கிறோம். கொஞ்சமாகச் செடி வைத்தால் தை வரை ஓடும். அதன்பின் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர். அதில் உப்பே இருக்காது. குடிநீர் சுத்திகரிப்புக் கருவி வெளியே தள்ளும் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். நீக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. தென்னை நார்க்கழிவுக் கட்டியையும் மழைத் தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். அதிலும் உப்பு உண்டு. நார்க்கழிவு பாதி, மண்புழு உரம் கால், செம்மண் கால் என்பது எங்கள் கலவை.

நாற்றைக் கார்த்திகைக் கடைசியில் நடுவது நல்லது. அதற்கு முன்பு நட்டால் அடைமழையில் குருத்து அழுகும். இலைகள் கிளம்பும் அந்தக் குருத்துப் பகுதி மண்மட்டத்தில் சரியாக உட்கார வேண்டும். புதைந்தால் அழுகல், மேலே தூக்கி நின்றால் காய்ந்துபோகும். செடி வைக்கும் பை கறுப்பைவிட வெள்ளையாக இருப்பது மேல். தளத்தின் சூடு வேரைத் தாக்காதபடி செங்கல் அடுக்கி அதன்மேல் வையுங்கள். காலை வெயில் பதினொரு மணிவரை பட்டால் போதும்.

வெயிலை நான் விடுவிக்கவில்லை. ஆனால் பகல் வெயிலைவிட இரவுப் புழுக்கம்தான் பெரிய குறை. நம் ஊரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவே. குறும்பகலில் பூக்கும் ரகங்களுக்குப் பகலின் நீளம் இங்கே எப்போதும் தோதாகவே இருக்கிறது. பூப்பதா, படர்ந்து புதுச்செடி தரும் ஓடுகொடி விடுவதா என்று முடிவு செய்வது வெப்பநிலைதான். 120 கிலோமீட்டர் தொலைவில், 2,000 மீட்டருக்கும் மேலே இருக்கும் கொடைக்கானலில் இரவுக் குளிர் கிடைக்கிறது. நமக்கு மார்கழியிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பெரிது. அதனால் பழம் சின்னதாக, பெருவிரல் நுனி அளவில்தான் வரும். புளிப்பும் தூக்கலாக இருக்கும்.

பூ வந்ததும் பாதி வேலை நம் கையில். பழத்தின் மேலே விதை போலப் பொட்டுப் பொட்டாக இருக்கிறதே, தாவரவியல்படி அவைதான் உண்மையான கனிகள். மகரந்தம் சேராத பொட்டு வளராது, அதைச் சுற்றியுள்ள சதையும் உப்பாது. கோணல் மாணலாக ஒரு பக்கம் சூம்பிப் பழம் வருவதற்கு இதுவே காரணம். எங்கள் மாடிக்குத் தேனீ வரத்து குறைவு. காலை ஒன்பது மணிவாக்கில் மெல்லிய ஓவியத் தூரிகையால் வெளிவட்டத்தில் உள்ள மகரந்தப் பைகளையும் நடுவிலுள்ள மேட்டையும் சுற்றித் தடவிவிடுகிறேன். தடவியதற்கும் தடவாததற்கும் உருவத்தில் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது.

அணில் தனிக் கதை. பழம் சிவப்பேறும் நாளை அது நம்மைவிடத் துல்லியமாக அறியும். செடி முழுவதையும் வலை போட்டு மூடினால் வருகிற ஒன்றிரண்டு தேனீயும் வராது. கல்யாண வீட்டில் தரும் வலைத்துணிச் சுருக்குப் பைகளைச் சேர்த்து வைத்து, காய் வெளுக்கத் தொடங்கியதும் ஒவ்வொன்றுக்கும் ஒன்றாகக் கட்டிவிட்டேன். “இதற்குச் செலவு செய்கிற நேரத்தில் நாலு தக்காளிச் செடி வைத்திருந்தால் ரசத்துக்காவது ஆகியிருக்கும்” என்றார் அப்பத்தா. மறுத்துப் பேச என்னிடம் ஒன்றுமில்லை.

சரி, எதற்குத்தான் வளர்ப்பது? ஸ்ட்ராபெரி பறித்தபின் இனிக்காது. நிறம் கூடலாம், இனிப்பு கூடாது. மகாராஷ்டிரத்து மகாபலேஷ்வரிலிருந்து பெட்டியில் வருவதைத் தூரப் பயணம் தாங்க வேண்டுமே என்று முன்கூட்டியே பறிக்கிறார்கள். காம்புப் பக்கம் தூக்கிப் பார்த்தால் வெள்ளையாக இருக்கும். மாடியில் அந்த வெள்ளையும் சிவக்கும்வரை காத்திருக்கலாம். அளவு சின்னதாக இருந்தாலும், அப்படிப் பழுத்ததன் வாசனை கடைப் பழத்தில் எனக்குக் கிடைத்ததே இல்லை. எங்கள் வீட்டுக் குழந்தைகள் விடிந்ததும் மாடிக்கு ஓடுவது இதற்காகத்தான். காசுக் கணக்குப் பார்த்தால் நட்டம்தான், சந்தேகமில்லை.

மாசிக் கடைசியில் இலையின் அடிப்புறத்தைத் தினமும் புரட்டிப் பாருங்கள். மஞ்சள் புள்ளியும் நூலாம்படையும் தெரிந்தால் அது சிவப்புச் சிலந்திப்பேன். அடிப்புறத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதே முதல் மருந்து. அடங்காவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளிக்கலாம். பங்குனி பிறந்ததும் பூ நின்று கொடி ஓடத் தொடங்கும். கோடையில் நிழல்வலை கட்டிச் செடியைக் காப்பாற்றுவதில் பயனில்லை. பிழைத்தவை அடுத்த மார்கழியில் சொற்பமாகவே பூத்தன. இப்போது சித்திரையில் பிடுங்கி உரக்குழியில் போட்டுவிட்டு, அதே பையில் தண்டுக்கீரை தெளிக்கிறோம். புது நாற்றுக்குப் புரட்டாசியிலேயே சொல்லி வைத்துவிடுங்கள். கடைசி நேரத்தில் கேட்டால் மிச்சம் மீதிதான் கிடைக்கும்.