பேடன்ட் சர்ச் ரிப்போர்ட்டில் ‘நூறு சதவீதம் புதுசு’ என்று இருந்தால் அடுத்த தவணை கட்டாதீர்கள்

டிராக்டர் லோடர், பேக்ஹோ (மண் தோண்டும் கை), போர்வெல் ரிக் பாடி, சின்ன கிரேன் என்று கனரக ஃபிரேம் வேலை செய்கிற பட்டறைக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாக ஒரு ஃபிரேம் செய்து அதற்குக் காப்புரிமை வாங்கலாம் என்று போகிறவர்களிடம், “முதலில் இது ஏற்கெனவே எங்கேயாவது இருக்கிறதா என்று தேடித் தருகிறோம்” என்று பணம் வாங்கிக்கொண்டு, தேடாமலேயே அறிக்கை எழுதித் தருகிறார்கள். நானும் மச்சானும் மாட்டியது அப்படி ஒரு கன்சல்டன்சியிடம். பெயர் போடவில்லை. அவர்கள் வேலை செய்த விதத்தைச் சொல்கிறேன், அதே விதத்தை வேறு எந்த அலுவலகத்தில் பார்த்தாலும் உங்களுக்கு அடையாளம் தெரியும்.

எங்கள் ஃபிரேம் என்ன என்று சொன்னால்தான் மற்றது புரியும். டிராக்டருக்கு லாரி மாதிரி தனி சேசிஸ் கிடையாது. இன்ஜின், கிளச் ஹவுசிங், கியர் பாக்ஸ், பின் ஆக்சில் எல்லாம் ஒன்றோடு ஒன்று போல்ட் போட்டு இறுக்கிய வார்ப்பிரும்புக் கூடுகள், அவைதான் வண்டியின் முதுகெலும்பு. முன்னால் லோடரும் பின்னால் பேக்ஹோவும் மாட்டித் தோண்டினால் விசையெல்லாம் கிளச் ஹவுசிங் வழியாகத்தான் போகும். அங்கே விரிசல் விட்ட வண்டிகள் எங்கள் பட்டறைக்கு நிறைய வந்திருக்கின்றன. அதனால் முன் ஆக்சில் பிராக்கெட்டிலிருந்து பின் ஆக்சில் ஹவுசிங் வரை இருபுறமும் பாக்ஸ் செக்‌ஷன் சட்டம் ஓட்டி, கிளச் ஹவுசிங்குக்குக் கீழே ஒரு குறுக்குச் சட்டம் கொடுத்து, டேப்பர் பின்னைத் தட்டிவிட்டால் மொத்தமும் கழன்று வருகிற மாதிரி ஒரு சப்-ஃபிரேம் செய்தோம். பக்கெட்டின் ஒரு மூலை மட்டும் பாறையில் மாட்டும்போது ஃபிரேம் முறுகும் இல்லையா, அந்த முறுக்கு கூட்டுக்குப் போகாமல் இருக்க, குறுக்குச் சட்டத்தின் துளைகளை நீளவாக்கில் வெட்டி, உள்ளே ரப்பர் புஷ் போட்டோம். விரிசலை நிறுத்தியது அந்த நீள்துளைதான்.

கன்சல்டன்சி ஆள் பட்டறைக்கு வந்து போட்டோ எடுத்தார். யாரும் துளைக்கு அளவு கேட்கவில்லை. வரைபடமும் போட்டோவைப் பார்த்துப் போட்டதுதான். அப்புறம் நல்ல தடிமனான அறிக்கை வந்தது. “உங்க ஃபிரேம் நூத்துக்கு நூறு புதுசுங்க சார், உலகம் பூராத் தேடிப் பாத்துட்டோம்” என்றார். அறிக்கையின் கடைசிப் பக்கத்திலும் அதே வாக்கியம்தான், ஆங்கிலத்தில், சீலோடு.

அந்த அறிக்கையை இப்போது ஒரு பதிவுபெற்ற பேடன்ட் ஏஜென்ட் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பிரித்துக் காட்டிவிட்டார். தேடியது ‘டிராக்டர்’, ‘பேக்ஹோ’, ‘ஃபிரேம்’ என்ற மூன்று சொற்களை மட்டும். கிடைத்தவற்றின் தலைப்பையும் சுருக்கத்தையும் அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். நடுவில் சைக்கிள் ஃபிரேம் ஒன்றும் இருக்கிறது. ஒரு ஆவணத்தின் படத்தைக்கூட எங்கள் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. காப்புரிமை ஆவணங்களைத் துறைவாரியாகப் பிரித்து வைக்கும் வகைப்பாட்டு எண் ஒன்றுகூட இல்லை. எங்கள் ஃபிரேமின் எந்தப் பாகம் எந்த ஆவணத்தில் இருக்கிறது, எது இல்லை என்று சொல்லும் அட்டவணையும் இல்லை. இது தேடலே கிடையாது.

ஃபிரேம் விஷயத்தில் சொல்லை வைத்துத் தேடுவது ஏன் உதவாது என்பதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஏமாற்று நடப்பதே இங்கேதான். ஒரே பாகத்தை ஒருவர் சப்-ஃபிரேம் என்பார், இன்னொருவர் மவுண்டிங் ஸ்ட்ரக்சர் என்பார், மூன்றாமவர் சப்போர்ட் அசெம்பிளி என்பார். சீன, ஜப்பானிய ஆவணங்களின் இயந்திர மொழிபெயர்ப்பில் இன்னும் விநோதமான பெயர்கள் வரும். அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் இணையத் தரவுத்தளத்தில் 1976-க்கு முந்தைய ஆவணங்களுக்கு 2022 வரை முழு எழுத்துத் தேடல் கிடையாது. எண்ணையும் வகைப்பாட்டையும் வைத்துத்தான் தேட முடிந்தது. இப்போது அங்கேயும் கூகுள் பேடன்ட்ஸிலும் ஸ்கேன் செய்த பக்கங்களிலிருந்து எடுத்த எழுத்து இருக்கும், ஆனால் பிழைகள் நிறைய. கனரக இயந்திரங்களின் அடிப்படை ஃபிரேம் யோசனைகளில் பெரும்பகுதி அந்தப் பழைய காலத்தில்தான் கிடக்கிறது.

ஆகவே வகைப்பாட்டு எண் வழியாகப் போய், படம் படமாகப் பார்க்க வேண்டும். மண் தோண்டும் இயந்திரங்களுக்கு ஈ02எஃப் என்று ஒரு பிரிவு. அதில் 3/627 என்ற கிளை, லோடர் கைகளை டிராக்டர் போன்ற வண்டியோடு இணைக்கும் அமைப்புகளுக்கு என்றே இருக்கிறது. வண்டிச் சேசிஸ் பி62டி 21-ல் வரும். லாரியில் ஏற்றும் போர்வெல் ரிக் என்றால் ஈ21பி 7/02. எஸ்பாசநெட், கூகுள் பேடன்ட்ஸ், உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பேடன்ட்ஸ்கோப், நம் இந்திய அலுவலகத்தின் இன்பாஸ் எல்லாமே இலவசம். ஏஜென்ட் அந்த ஈ02எஃப் கிளையைத் திறந்து பழைய அமெரிக்கப் படங்களை வரிசையாகத் தள்ளிக்கொண்டே போனபோது எங்களுக்கு வயிறு கலங்கியது. இருபுறச் சட்டம், பின் ஆக்சில் பிராக்கெட், பின் போட்டுக் கழற்றுவது என்று எத்தனை விதம்!

யோசித்தால் அதில் ஆச்சரியம் இல்லை. தனிச் சேசிஸ் இல்லாமல் கூடுகளையே முதுகெலும்பாக வைத்த ஃபோர்ட்சன் டிராக்டர் 1917-லேயே பெருமளவில் உற்பத்திக்கு வந்துவிட்டது. டிராக்டரில் மாட்டும் ஹைட்ராலிக் பேக்ஹோ 1940-களின் கடைசியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஜேசிபி தன் முதல் பேக்ஹோ லோடரை 1953-ல் செய்தது. கூடு உடைகிற பிரச்சினைக்கு அத்தனை வயது என்றால், அதற்குத் தீர்வு தேடியவர்களும் அத்தனை காலமாக இருந்திருப்பார்கள். இந்தத் துறை தெரிந்த யாரும் ‘நூறு சதவீதம் புதுசு’ என்று எழுதக் கை நடுங்கியிருக்க வேண்டும்.

அறிக்கையை நம்பி முழு விண்ணப்பம் போட்டோம். பரிசோதனைக்கும் பணம் கட்டினோம். ஒரு எண் வந்ததும், “பேடன்ட் நம்பர் வந்துடுச்சுங்க, இனி தாராளமா விக்கலாம், மெஷின்ல பொறிச்சுக்குங்க” என்றார்கள். அது வெறும் விண்ணப்ப எண். முதல் நான்கு இலக்கம் ஆண்டு, ஐந்தாவது இலக்கம் 4 என்றால் சென்னை அலுவலகம், அவ்வளவுதான். காப்புரிமை கிடைக்காத பொருளைக் கிடைத்ததாகக் காட்டி விற்பது காப்புரிமைச் சட்டத்தின் 120-வது பிரிவுப்படி அபராதத்துக்குரியது. மச்சான் சந்தேகப்பட்டு ‘விண்ணப்பித்துள்ளது’ என்று மட்டும் பொறித்ததால் தப்பித்தோம்.

பிறகு முதல் பரிசோதனை அறிக்கை வந்தது. பரிசோதகர் எங்கள் முதல் கிளெய்மை (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று விண்ணப்பத்தில் எழுதும் வாசகத்தை) ஐந்து துண்டாகப் பிரித்திருந்தார். முன் பிராக்கெட், பக்கச் சட்டங்கள், பின் ஆக்சில் பிடி, குறுக்குச் சட்டம் நான்கும் ஒரே பழைய அமெரிக்க ஆவணத்தில் இருந்தன. ஐந்தாவதான டேப்பர் பின் ஒரு சீன யூட்டிலிட்டி மாடலில் (சின்னக் காப்புரிமை மாதிரியான பதிவில்) இருந்தது. ஒரு கிளெய்மின் எல்லாத் துண்டும் ஒரே ஆவணத்தில் இருந்தால்தான் ‘புதுமை இல்லை’ என்று ஆகும். இரண்டைச் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தால் கேள்வி வேறு. இந்தத் தொழில் தெரிந்த ஆள் அந்த இரண்டையும் சுலபமாகச் சேர்த்திருப்பானா என்பதுதான் அங்கே விஷயம். தனித்தனியாக வேலை செய்யும் தெரிந்த பாகங்களை மாற்றி அடுக்கினால் மட்டும் அது கண்டுபிடிப்பு ஆகாது என்று 3(எஃப்) பிரிவும் சொல்கிறது. மிர்சாப்பூர் பாத்திரத் தொழில் வழக்கில், பிஸ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் எதிர் இந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ், உச்ச நீதிமன்றம் 1978-லேயே, சாதாரணப் பட்டறை மேம்பாடு காப்புரிமைக்குப் போதாது என்று தீர்ப்பளித்து, ஏற்கெனவே கொடுத்த காப்புரிமையையே செல்லாது என்றது. இதில் ஒரு வரிகூட அந்தத் தடிமனான அறிக்கையில் இல்லை. அந்த அமெரிக்க ஆவணம் எத்தனையோ வருஷத்துக்கு முன்பே காலாவதியானது. காலாவதியானால் என்ன, வெளியாகிவிட்டதே! யாரும் இப்போது பயன்படுத்தாத காப்புரிமையும் உங்கள் புதுமையைக் கெடுக்கும்.

எனக்கு இதைவிடக் கோபம் வந்தது வேறொன்றில். எங்கள் ஃபிரேமில் உண்மையில் புதிதாக இருந்த நீள்துளையும் புஷ்ஷும் கிளெய்மில் எங்குமே இல்லை. விவரிப்பில் ‘தகுந்த துளைகளுடன்’ என்று இரண்டே வார்த்தையோடு முடித்திருக்கிறார்கள். உருப்படியாகத் தேடியிருந்தால் மற்ற ஐந்தும் பழசு, இதுதான் மிச்சம் என்று முதல் நாளே தெரிந்திருக்கும். கிளெய்மை அதைச் சுற்றி எழுதியிருப்பார்கள். புதுமைத் தேடலின் பயனே அதுதானே, எதைக் கேட்பது, எதை விடுவது என்று முடிவு செய்ய! இப்போது சேர்க்கலாம் என்றால் 59-வது பிரிவு தடுக்கிறது, முதலில் சொல்லாத விஷயத்தைத் திருத்தத்தில் நுழைக்க முடியாது. புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றால், அவர்கள் ‘விக்கலாம்’ என்று சொன்னதை நம்பி வண்டிகளை விற்றுவிட்டோம். வெளியே ஓடிக்கொண்டிருக்கும் வண்டியே நமக்கு எதிரான முந்தைய ஆதாரம்.

பரிசோதனை அறிக்கைக்கு 6 மாதத்துக்குள் பதில் தர வேண்டும், கேட்டால் 3 மாதம் நீட்டிப்பு. கன்சல்டன்சிக்குப் போன் செய்தால், பதில் எழுதத் தனிக் கட்டணம் என்றார்கள். விண்ணப்பத்தில் உங்கள் ஏஜென்ட் பெயர் எங்கே என்று கேட்டோம். ஏஜென்ட்டே இல்லை. எங்கள் பெயரிலேயே லாகின் திறந்து, நாங்களே போட்டது மாதிரி போட்டிருக்கிறார்கள். பேடன்ட் ஏஜென்ட் என்பவர் தேர்வு எழுதிப் பதிவேட்டில் ஏறியவர், பதிவில்லாதவர் அந்தத் தொழிலைச் செய்யக் கூடாது என்று 129-வது பிரிவு சொல்கிறது. பதிவேடு இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. பணம் கொடுக்கும் முன் பெயரையும் பதிவு எண்ணையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். அரசுக் கட்டணத்தையும் பாருங்கள். தனிநபருக்கு இணையம் வழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய், பரிசோதனைக் கோரிக்கைக்கு 4,000. எங்கள் பில்லில் ‘அரசுக் கட்டணம்’ என்ற தலைப்பில் எழுதியிருந்தது அதைவிடப் பல மடங்கு.

சண்டை போட்ட பிறகு சமாதானமாக ஒன்று சொன்னார்கள்: “விடுங்க சார், டிசைன் ரிஜிஸ்ட்ரேஷன் இலவசமாப் பண்ணித் தர்றோம், அதுவும் பேடன்ட் மாதிரிதான்.” கிடையவே கிடையாது. 2000-ஆம் ஆண்டு டிசைன் சட்டம் காப்பது கண்ணுக்குத் தெரியும் தோற்றத்தை மட்டும். நீள்துளை முறுக்கைத் தாங்குகிறது என்ற வேலையை அது காக்காது. யாராவது பக்கச் சட்டத்தின் வளைவைக் கொஞ்சம் மாற்றிவிட்டு அதே துளையை வெட்டிக்கொள்ளலாம். சில இடங்களில் முதலிலேயே டிசைன் சான்றிதழைக் கையில் கொடுத்து ‘பேடன்ட் கிடைத்துவிட்டது’ என்று அனுப்பிவிடுகிறார்கள் என்று எங்களைப் போன்ற இன்னொரு பட்டறைக்காரர் சொன்னார். சான்றிதழில் எந்தச் சட்டத்தின் பெயர் அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள்.

இப்போது வேறு ஏஜென்ட் வைத்து பதில் போட்டிருக்கிறோம். போட்டோ பார்த்துப் போட்ட மூன்றாவது வரைபடத்தில் நீள்துளையின் வடிவம் தெளிவாக விழுந்திருக்கிறது, புஷ்ஷின் வட்டமும் தெரிகிறது. படத்தில் காட்டியதும் வெளிப்படுத்தியதுதான் என்ற அடிப்படையில் கிளெய்மை அதற்குள் சுருக்கிக் கேட்டிருக்கிறோம். பரிசோதகர் ஏற்பாரா என்று சொல்ல முடியாது, நேரடி விசாரணைக்குக் கூப்பிடுவார்கள் என்று ஏஜென்ட் சொல்கிறார். கன்சல்டன்சி மேல் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க அந்தத் தடிமனான அறிக்கையையும் பில்லையும் போன் செய்திகளையும் எடுத்து வைத்திருக்கிறோம். இதே மாதிரி அறிக்கை உங்கள் கையில் இருந்து, விண்ணப்பம் இன்னும் போடவில்லை என்றால், வண்டியை வெளியே விடாமல் முதலில் வகைப்பாட்டு எண் எங்கே, பாக அட்டவணை எங்கே என்று அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள்.