பிளக்கில் பைப் போட்டு இறுக்கினால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்

பைக்கை சர்வீசுக்கு விடுகிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். போன மாதம் என் ஸ்ப்ளெண்டரைத் திண்டுக்கல்லில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பில்லில் புது ஸ்பார்க் பிளக் (இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கும் தீப்பொறியைத் தருவது) என்று 130 ரூபாய் போட்டிருந்தார்கள்.

பிளக் மாட்டும்போது பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அதுதான் இன்னும் வயிறு எரிகிறது. வேலை பார்த்த பையன் பிளக்கை விரலால் திருகவே இல்லை. ஸ்பேனருக்குள் வைத்து, முதல் சுற்றிலிருந்தே அதன் குறுக்குக் கம்பியால் திருகினான். பாதியிலேயே இறுகிவிட்டது. கம்பியில் ஒரு அடி பைப்பைச் சொருகி அமுக்கினான். "இவ்வளவு டைட் வேணுமாப்பா?" என்றேன். "கம்ப்ரஷன் லீக் ஆகக்கூடாதுல்ல சார்" என்றான், அதாவது இன்ஜினுக்குள் இருக்கும் அழுத்தம் கசியக்கூடாதாம். தொழில் தெரிந்தவன் சொல்கிறான் என்று விட்டுவிட்டேன்.

பத்தே நாளில் வண்டி ஏற்றத்தில் திணறியது. இன்ஜின் பக்கம் புஸ் புஸ் என்று சத்தம், பிளக்கைச் சுற்றிக் கறுப்பாக எண்ணெய். சிறுமலையின் 18 வளைவுகளில் ஏதோ ஒன்றில் டப்பென்று பிளக் பிய்த்துக்கொண்டு வந்து கேப்போடு தொங்கியது. பின்னால் என் மகள். இருட்டும் நேரம். ஒரு டாடா ஏஸ்காரர் வண்டியோடு எங்களை ஏற்றிவந்து இறக்கினார்.

ஹெட் என்பது பிளக் மாட்டும் இன்ஜினின் மேல்பாகம். ஒர்க்‌ஷாப் ஓனர் சொன்னது: "ஹெட்டே போச்சு சார், புதுசு போடணும், 5,000 ஆகும். நீங்க வேற எங்கயாவது கழட்டியிருப்பீங்க."

வண்டியை லேத் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அங்கே பெரியவர் பிளக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இதுவா தம்பி புது பிளக்கு?" வாஷர் தகடாக நசுங்கிக் கிடந்தது. முனைகள் தேய்ந்து உருண்டிருந்தன, மேலே உப்புத்தாள் கீறல். என் பழைய பிளக்கையே துடைத்து மாட்டிவிட்டுக் காசு வாங்கியிருக்கிறார்கள்! மரையோ கோணலாக வெட்டுப்பட்டிருந்தது. ஹெட் அலுமினியம், பிளக் இரும்பு. கோணலாக ஏற்றினால் போவது ஹெட்தான். அவர் ஹெட்டைக் கழற்றி ஹெலிகாயில் (கெட்டுப்போன மரைக்குப் பதிலாக உள்ளே போடும் கம்பிச்சுருள் மரை) போட்டுக் கொடுத்தார். மொத்தம் 900 ரூபாய்.

அப்புறம் புது பிளக்கை என்னையே மாட்டச் சொன்னார். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் எதுவும் இல்லை. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பழையதைக் கழற்றுவதற்கு முன்பே சுற்றியுள்ள மண்ணை ஊதிவிட வேண்டும். பிளக்கில் கேப் மாட்டும் மேல் நுனியில் ஒரு துண்டு பெட்ரோல் டியூபைச் சொருகி, முதலில் இடப்பக்கமாக மெல்லத் திருப்பினேன். மரையோடு மரை சேரும் இடத்தில் டிக் என்று லேசாக இறங்கியது. அதன் பிறகு வலப்பக்கம். கோணினால் டியூப் வழுக்கிவிடும், மரையை வெட்டும் பலம் அதற்கு இல்லை. வாஷர் உட்காரும்வரை விரல்தான். பிறகு ஸ்பேனரில் அரைச் சுற்று, அவ்வளவே. வாஷர் நசுங்குவது கையில் மெத்தென்று தெரிந்தது, அப்புறம் கெட்டியானது. பழைய பிளக்கையே திரும்ப மாட்டினால் வாஷரில் நசுங்க ஒன்றும் மிச்சமிருக்காது. அப்போது கடிகாரத்தில் மணி முள் 12லிருந்து 1க்குப் போகும் தூரம் திருப்பினால் போதும். இந்த 10 மி.மீ. மரைக்கு இறுக்கும் விசை 10 முதல் 12 நியூட்டன் மீட்டர்தான் கணக்கு, அதற்குப் பைப் எதற்கு? லூசாகவும் விடக்கூடாது, பிளக்கின் சூடு ஹெட்டுக்கு இறங்காது. மரையில் கிரீஸ் தடவவும் வேண்டாம், கைக்குத் தெரியாமலே அதிகமாக இறுகிவிடும்.

பில்லையும் அந்தப் பிளக்கையும் ஓனர் மேஜையில் வைத்தேன். 130 ரூபாயைத் திருப்பித் தந்தார். 900க்கு வாய் திறக்கவில்லை.

புது பிளக் பெட்டியை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். பழையதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பேனர் எடுப்பதற்கு முன் பிளக் விரலாலேயே எத்தனை சுற்று இறங்குகிறது என்று பாருங்கள். பாதியில் இறுகினால் அங்கேயே கையைப் பிடித்து நிறுத்துங்கள்.