சரணாலய டைவ் என்று பணம் கட்டியவர்கள் கவனத்துக்கு

கடல் சரணாலயத்துக்குள் இரண்டு டைவ் (காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் நீந்துவது) என்று பணம் வாங்கிக்கொண்டு, எல்லைக்கு வெளியே ஏதோ ஒரு பாறைத்திட்டில் இறக்கிவிடும் படகுகள் தீவுகளில் இருக்கின்றன. தண்ணீரில் எல்லைக்கோடு தெரியாது என்கிற தைரியம்தான். படகு எப்படி நிற்கிறது என்று பாருங்கள். பல சரணாலயங்களில் நங்கூரம் போடக் கூடாது. அடியில் நிரந்தரமாகக் கட்டிவைத்த மிதவையில்தான் கயிறு மாட்டவேண்டும். அங்கே நங்கூரம் இறங்குகிறது என்றால் நீங்கள் எல்லைக்கு வெளியே இருக்கிறீர்கள், இல்லையென்றால் உங்கள் காசில் பவளம் நொறுங்குகிறது. நுழைவுக் கட்டணத்துக்குச் சரணாலய நிர்வாகத்தின் ரசீதையே கேட்டு வாங்குங்கள். கடை பில்லில் ஒரு வரி எழுதித் தருவது போதாது.

சிலிண்டரிலும் கைவைக்கிறார்கள். 11 லிட்டர் அலுமினிய சிலிண்டரில் காற்றின் அழுத்தம் 200 பார் (அழுத்தத்தின் அலகு) இருக்கவேண்டும். 160 பார் வைத்துவிட்டு "இது போதும்" என்பார்கள். குறைகிற 40 பார் என்பது 440 லிட்டர் காற்று. தண்ணீருக்கு மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கும் ஒருவருக்கு, அழுத்தம் கூடிய 15 மீட்டர் ஆழத்தில் நிமிடத்துக்கு 50 லிட்டர் தேவைப்படும். ஏறக்குறைய 9 நிமிட டைவ் போய்விட்டது. நிரப்பிய சூடு ஆறும்போது கொஞ்சம் இறங்குவது இயல்பு. அதற்காகச் சண்டை போடவேண்டாம். 160 அப்படி வருவதில்லை.

சிலிண்டர் அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் கேஜைப் பார்த்தபடியே ரெகுலேட்டரில் (வாயில் வைத்து மூச்சிழுக்கும் கருவி) நாலைந்து முறை நன்றாக மூச்சிழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் முள் இறங்கி ஏறினால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. படகில் காற்று தாராளமாக வருவது போலத்தான் இருக்கும், ஆழத்தில் திணறும். ஆக்டோபஸ் எனப்படும் உபரி ரெகுலேட்டரிலும் இழுத்துப் பாருங்கள். அவசரத்துக்குத்தானே என்று பராமரிப்பில் அதைத்தான் கடைசியாகக் கவனிப்பார்கள்.

காற்றில் எண்ணெய் வாடையோ புகை வாடையோ வந்தால் அந்த சிலிண்டர் வேண்டாம். சிலிண்டரை நிரப்பும் கம்ப்ரசர் காற்றை உள்ளிழுக்கும் குழாய் எஞ்சின் புகைபோக்கிக்குப் பக்கத்தில் இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே போய்விடும். அதற்குத் தனியாக மணம் கிடையாது. ஒரே கடையின் சிலிண்டரில் மூச்செடுத்த இரண்டு மூன்று பேருக்குத் தலைவலி, குமட்டல் என்றால் அன்றைய டைவை நிறுத்திவிட்டு ஆக்சிஜன் கொடுக்கவேண்டும். ஆக்சிஜன் பெட்டி படகில் இருக்கிறதா என்பதைக் கரையிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். பெட்டி இருந்தும் சிலிண்டர் காலியாக இருப்பதுண்டு.

முதல்முறை இறங்குபவர்களுக்கு 12 மீட்டர்தான் எல்லை. ஒரு பயிற்றுநரிடம் நான்கு பேருக்கு மேல் ஒப்படைத்தால் ஏறாதீர்கள். உடல்நலப் படிவத்தில் "எல்லாவற்றுக்கும் இல்லை என்று டிக் பண்ணுங்கள்" என்று அவசரப்படுத்துவதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஆஸ்துமாவையோ இதய நோயையோ மறைத்துப் போட்ட கையெழுத்து, ஏதாவது நேர்ந்தால் கடையைக் காப்பாற்றும்; உங்கள் காப்பீடு கைவிட்டுப் போகலாம்.

மறுநாள் காலை விமானம் என்று தெரிந்தும் மாலை டைவை விற்பார்கள். ஒன்றுக்கு மேல் டைவ் செய்தவர் பறக்குமுன் 18 மணி நேரமாவது இடைவெளி விடவேண்டும். அந்த டைவுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கேஜ் காட்டிய அளவையும் படகு நின்ற இடத்தையும் குதிப்பதற்கு முன்பே போட்டோ எடுத்துவைத்திருந்தால், நிர்வாகத்திடம் புகார் கொடுக்கக் கையில் ஆதாரம் இருக்கும்.